குடிக்காதவரின் ஈரல்

மருதாசலம் தம் ஆயுளில் சாராயம் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில், குடித்தவர்களின் உடம்பைக் கெடுத்தது எது என்று விசாரித்தால் பாதிப் பேர் சாராயம் என்பார்கள். மீதிப் பேர் மருதாசலம் என்பார்கள்.

அந்தச் சாலையோரத்தில் அவருக்கு ஒரு லாரி செட் இருந்தது. லாரி கிளம்புமுன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது எல்லாச் செட்டிலும் உள்ள வழக்கம். மருதாசலத்தின் செட்டில் பழத்துக்கு முன்னால் இன்னொரு சடங்கு உண்டு. காலையில் அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். டிரைவர்களும் கிளீனர்களும் வரிசையாக வந்து அவர் மூக்குக்கு நேரே குனிய வேண்டும். “ஊது” என்பார். ஊத வேண்டும். வாடை இல்லையென்றால் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார், சாவியை எடுத்துக்கொண்டு போகலாம். வாடை இருந்தால் முதலில் புறங்கையால் வாயில் ஒரு அறை. அதன் பிறகு ஆணியில் தொங்கும் பழைய ஃபேன் பெல்ட் கீழே இறங்கும். அந்த ரப்பர் பட்டை முதுகில் விழுந்தால் தடிப்பு ஒரு வாரம் உட்கார்ந்திருக்கும். கிராம்பு மென்றுவிட்டு வந்தவர்கள் உண்டு, வெங்காயம் தின்றுவிட்டு வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு பங்கு விழும், குடித்ததற்கு ஒன்று, ஏமாற்றப் பார்த்ததற்கு ஒன்று.

இப்படி ஒரு வெறிக்குப் பின்னால் ஒரு கதை இருந்தாக வேண்டும் என்று ஊர் நினைத்தது. அப்பன் குடித்து அழிந்திருப்பான், அண்ணன் வண்டியோடு கவிழ்ந்திருப்பான் என்று யூகித்தார்கள். அப்படியெல்லாம் எதுவும் இல்லை. அவருடைய அப்பாவும் குடித்ததில்லை, அண்ணன் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. மருதாசலத்துக்கு அடிப்பது பிடிக்கும், அவ்வளவுதான். சும்மா அடித்தால் ரவுடி என்பார்கள். குடிக்கிறவனை அடித்தால் உத்தமன் என்கிறார்கள். அவர் யோசித்துத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லவில்லை, கை தானாகவே வசதியான இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது.

எழுபத்தொன்றில் அரசாங்கம் சாராயக்கடைகளைத் திறந்தது. கொஞ்ச வருஷத்தில் மூடியது. எண்பத்தொன்றில் மறுபடி திறந்தது. இந்த விஷயத்தில் அரசாங்கத்துக்கு இல்லாத உறுதி மருதாசலத்துக்கு இருந்தது. கடை திறந்த வாரம், செட்டுக்கு எதிரே பந்தல் போட்டு விற்க வந்தவனின் பானைகளை லாரி ஜாக்கியால் உடைத்தார். தடுக்க வந்தவனுக்கு இரண்டு முன்பற்கள் போயின. பல் போனவன் போலீசுக்குப் போனான். டிரைவர்களின் பெண்டாட்டிகள் கூட்டமாக ஸ்டேஷனுக்குப் போய், போலீஸ் பிடித்து வைத்திருந்த மருதாசலத்தைக் கூட்டிவந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நடந்தவள் முத்தாயம்மாள், டிரைவர் கைலாசத்தின் மனைவி. கைலாசம் செட்டிலேயே கெட்டிக்கார டிரைவர், செட்டிலேயே அதிகமாகப் பெல்ட் வாங்கியவனும் அவன்தான். அவன் அடிவாங்குகிற காலைகளில் முத்தாயம்மாள் வேலியோரம் நின்று, “இன்னும் ரெண்டு சேத்துப் போடுங்க சாமி” என்பாள்.

குடிக்காத மனிதனுக்கும் சாயங்காலம் என்று ஒன்று உண்டு. மற்றவர்கள் குடித்த நேரத்தில் மருதாசலம் தின்றார். ஒறம்பரை, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் ஆண்கள் பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கும்போது, அவர் கர்வத்தோடு இரண்டாம் பந்தியில் போய் உட்காருவார். சாலையோரக் கடையில் புரோட்டாவும் ஈரல் வறுவலும் அவருக்கென்று தனியாக எடுத்துவைப்பார்கள். டீயில் கரண்டி நிற்கிற அளவுக்குச் சர்க்கரை. வாலிபத்தில் அவரே லாரி ஓட்டினார், மூட்டை தூக்கினார், தார்ப்பாய் கட்டினார். முதலாளி ஆனபின் உடம்பில் வேலை செய்த ஒரே உறுப்பு வலது கை, அதுவும் காலையில் மட்டும். வயிறு முன்னால் வந்தது. அது செல்வாக்கின் அடையாளம் என்று அவர் மட்டுமல்ல, ஊரே நம்பியது.

எண்பத்தாறில் வலது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக உட்கார்ந்துகொண்டது. வலி என்று சொல்ல முடியாது. உள்ளே யாரோ ஒரு ஆள் ஒதுங்கி இடம் கேட்கிற மாதிரி இருந்தது. சேலத்தில், அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர் வயிற்றுக்குள் படம் எடுக்கிற பெட்டி புதிதாக வாங்கியிருப்பதாகச் சொன்னார்கள். மனைவி சௌந்திரத்தின் தம்பி சின்னண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். சின்னண்ணன் நல்ல துணை, வாய் ஓயாது. தினமும் குடிப்பவன், ஆனால் அக்கா புருஷன் கண்ணில் படாமல் குடிக்கும் வித்தையில் தேர்ந்தவன்.

டாக்டர், மருதாசலத்தின் சட்டையைக் கழற்றச் சொல்லி, வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கட்டையை வைத்துத் தேய்த்தார். திரையில் மழை பெய்கிற மாதிரி ஏதோ தெரிந்தது. ஈரல் வீங்கியிருக்கிறது, முழுக்கக் கொழுப்பு என்றார். பிறகு கட்டையை எடுக்காமலே கேட்டார்.

“எத்தனை வருசமாக் குடிக்கிறீங்க?”

“குடிக்கறதில்லீங்க.”

டாக்டர் சிரித்தார். தினமும் அந்தக் கட்டிலில் படுக்கிறவர்கள் எல்லாரும் அதையே சொல்லிக் கேட்டவர் அவர். “வாய் பொய் சொல்லும். ஈரல் சொல்லாதுங்க.”

படம் சொன்னது சரி, படத்தைப் படித்தவர் சொன்னதுதான் தப்பு. ஆனால் இதைப் பிரித்துப் பார்க்கிற பொறுமை மருதாசலத்திடம் இல்லை. படுத்த வாக்கிலேயே அறைந்தார். டாக்டரின் மூக்குக்கண்ணாடி சுவரில் பட்டுத் தெறித்தது. கம்பவுண்டர் ஓடிவந்து அவர் இடுப்பைப் பிடித்தான். பசை தடவிய இடுப்பு பிடிகொடுக்கவில்லை. வழுக்கியவனின் நெற்றியை மேசை விளிம்பு கிழித்தது. வெளியே காத்திருந்த நோயாளிகளில் ஆரோக்கியமாக இருந்தவர்கள் சேர்ந்து மருதாசலத்தை வாசலுக்குத் தள்ளினார்கள். ஏற்காடு போகிற சாலையில், சட்டையில்லாமல், பளபளக்கும் வயிற்றோடு நின்று, கீழே வா பார்க்கலாம் என்று டாக்டரின் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்னண்ணன் சட்டையைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். கூடவே கேட்டதையும் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

அந்தச் செய்தியை அவன் ஒரே ஒரு இடத்தில்தான் சொன்னான். அது சாராயக்கடையாக இருந்ததால் இரண்டாவது இடம் தேவைப்படவில்லை. மருதாசலத்துக்கு இருப்பது குடிகாரன் ஈரல் என்று சேலத்து மிஷினே சொல்லிவிட்டது. அப்படியென்றால் இத்தனை வருஷமும் அவர் எங்கே குடித்தார், எப்போது குடித்தார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. சந்தேகம் இல்லாதவர்கள், சாராய ஊறல் பானை அவர் கிணற்றுக்குள்ளேயே தொங்குகிறது என்றார்கள்.

அடுத்த நாள் காலை வரிசையில் கைலாசத்தின் முறை வந்தது.

“ஊது” என்றார் மருதாசலம்.

கைலாசம் குனியவில்லை. அவனிடமிருந்து வாடை வருவதற்குக் குனிய வேண்டிய அவசியமும் இல்லை. முதலாளியைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னான்.

“மொதல்ல நீங்க ஊதுங்க மொதலாளி.”

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிளீனருக்கு மட்டும் இருமல் வந்தது. மருதாசலத்துக்கு அந்த இருமல் போதுமாக இருந்தது. பெல்டை எடுக்கக்கூட நிற்கவில்லை. கட்டிலுக்கடியில் கிடந்த ஜாக்கி ராடை எடுத்தார். முதல் அடியைக் கைலாசம் கையால் தடுத்தான். பச்சைக் குச்சி முறிகிற சத்தம் கேட்டது. கை ஒரு புதிய இடத்தில் மடங்கித் தொங்கியது. அதன் பிறகும் இரண்டு அடி விழுந்தது. அது கைலாசத்துக்காக விழவில்லை, அஸ்தம்பட்டி டாக்டருக்காக விழுந்தது. வாங்கிக்கொண்டவன்தான் கைலாசம்.

இம்முறை முத்தாயம்மாள் வேலியோரம் நிற்கவில்லை. செட்டுக்குள் வந்து, இரண்டு கையிலும் மண்ணை வாரி மருதாசலத்தின் மேல் வீசினாள். “குடிச்சுக் கெட்டாலும் அவனுக்குக் கை நேரா இருந்துது. ஸ்டேசன்ல உங்களுக்காவ நின்ன காலை நாஞ் செருப்பால அடிச்சுக்கோணும்” என்றாள்.

கைலாசத்தின் கை எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. சாலையின் எதிர்ச்சாரியில் இருந்த இன்னொரு செட்டுக்கு வண்டி ஓட்டப் போய்விட்டான். மருதாசலத்தின் செட்டில் வரிசை நின்றுபோனது. யாரும் மறுக்கவில்லை. அவருக்குத்தான் ‘ஊது’ என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் எதிரில் நிற்பவன் என்ன நினைப்பான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சோறு, லாரி, நிலம் எல்லாம் இருந்தது. அந்த ஒரு சொல் போய்விட்டது. அது போனபின் மற்றதெல்லாம் யாருடையதோ போல இருந்தது.

சௌந்திரம் அவரை நாமக்கல்லில் தெய்வநாயகி என்கிற பெண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பெண் டாக்டரை அடிக்க மாட்டார் என்று கணக்குப் போட்டிருந்தாள். தெய்வநாயகி வயிற்றைத் தட்டிப் பார்த்தார், சாப்பாட்டு விவரம் கேட்டார், சௌந்திரம் சொல்லச் சொல்ல அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது. பிறகு, மருதாசலம் கேட்க ஏங்கியதைச் சொன்னார். குடிக்காதவருக்கும் ஈரலில் கொழுப்பு ஏறும். அளவில்லாமல் தின்றுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

“இதை வந்து எங்க செட்டுல சொல்றீங்களா?” என்று கேட்டார் மருதாசலம்.

“நான் டாக்டருங்க, வக்கீல் இல்ல. அதைவிட முக்கியமானது ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ஈரல்ல கொழுப்பு சேந்தவங்களுக்குப் பின்னாடியே சக்கரை வியாதி வர்றதை நான் நெறையப் பாத்திருக்கேன். ஈரல் கெட்டா ஒடம்புக்குச் சக்கரையைக் கட்டி மேய்க்கத் தெரியாமப் போயிரும்.”

மூத்திரத்தை வாங்கி, நீல மருந்தில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிக் காட்டினார். கொதித்து அடங்கியபின்னும் நீலம் நீலமாகவே இருந்தது. சர்க்கரை இருந்தால் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்குப் போகும், உங்களுக்கு இன்னும் வரவில்லை, தப்பித்தீர்கள் என்றார். இனிப்பை விட்டு, சோற்றைப் பாதியாக்கி, தினமும் வியர்க்க நடந்தால் ஈரலும் இறங்கும், சர்க்கரையும் வராமல் போகலாம்.

வெளியே வரும்போது சௌந்திரம் மாரியாத்தாளுக்கு வேண்டிக்கொண்டாள். மருதாசலம் வேறொரு யோசனையில் இருந்தார். அது இப்படிப் போனது: குடிகாரன் ஈரலும் தன் ஈரலும் படத்தில் ஒன்றுபோல் இருக்கின்றன. ஆகவே ஈரலைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் தின்று கொழுத்த ஈரலுக்குப் பின்னால் சர்க்கரை வரும் என்று டாக்டரே சொல்கிறார். அப்படியானால் சர்க்கரை வந்துவிட்டால், ஈரல் தின்று கொழுத்ததுதான் என்று ஆகிவிடுகிறது. கெட்ட பெயர் போய்விடும். இதற்குத் தேவை சர்க்கரை.

குடிகாரனுக்கும் சர்க்கரை வரும் என்ற ஓட்டை இந்த வாதத்தில் இருந்தது. தர்க்கம் படித்தவர்கள் யாரும் லாரி செட்டுகளில் இல்லாததால், அது கடைசிவரை அடைபடாமலே, ஆனால் கண்டுபிடிக்கப்படாமலும் இருந்தது.

அன்று முதல் மருதாசலம் சர்க்கரை வியாதிக்காக உழைத்தார். வேறு எதற்கும் அவர் அவ்வளவு உழைத்ததில்லை. ஜிலேபியைப் பொட்டலத்தோடு வாங்கிவந்து காலியாக்கினார். பரமத்தி வேலூர்ப் பக்கம் போகிற வண்டியில் அச்சு வெல்லம் சிப்பமாக வந்து இறங்கியது. அதைச் சுத்தியலால் உடைத்து, வேர்க்கடலை தின்பதுபோல் தின்றார். கரும்பு ஆலைக்காரன் பாகு காய்ச்சும் நாட்களில் கொப்பரைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு மாதமும் தெய்வநாயகியிடம் போய்ச் சோதித்துக்கொண்டார். நீலம். மறுபடியும் நீலம். ஒருமுறை கொஞ்சம் பச்சை தெரிந்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை, டாக்டர் அதிர்ச்சி என்று தப்பாகப் புரிந்துகொண்டு ஆறுதல் சொன்னார்.

சௌந்திரத்துக்கு விஷயம் புரிய வெகுநாள் ஆகவில்லை. வெல்லச் சிப்பத்தைத் தூக்கி மாட்டுத் தொட்டியில் போட்டுக் கரைத்துவிட்டாள். மருதாசலம் செட்டுக்குப் போய்ப் பெல்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பதினெட்டு வருஷ தாம்பத்தியத்தில் அந்தப் பெல்ட் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. ஓங்கினார். சௌந்திரம் ஒதுங்கவில்லை, தொங்கிய மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடிங்க. குடிகாரந்தான் பொண்டாட்டிய அடிப்பான்னு ஊரெல்லாஞ் சொன்னவரு நீங்கதானுங்களே. ஒரு அடி போடுங்க, நானே போயிச் சொல்றேன், எங்கூட்டுக்காரரு குடிக்கறாருன்னு.”

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி நின்றார்கள். மாடு வெல்லத் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மருதாசலம்தான் முதலில் விட்டார். விட்டது அன்பினால் என்று சௌந்திரம் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டாள். சாட்சியத்தைக் கெடுத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை என்பதே நடந்ததற்குப் பொருந்துகிறது.

மறுவருஷம் மழை தொடங்கும்போது தாகம் வந்தது. சொம்பு சொம்பாகக் குடித்தும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. இடுப்பு வேட்டி இரண்டு சுற்று அதிகம் சுற்றியது. ஒரு நாள் செட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மூத்திரம் போய்விட்டு வந்தவர், சற்று நேரம் கழித்து எதற்கோ திரும்பியவர், அங்கேயே நின்றுவிட்டார். நனைந்த மண்ணைச் சுற்றி எறும்புகள் சாரிசாரியாக வந்துகொண்டிருந்தன. செட்டில் இருந்த அத்தனை பேரையும் சத்தம்போட்டுக் கூப்பிட்டு எறும்பைக் காட்டினார். எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் அவர்கள் மரியாதையாகப் பார்த்தார்கள்.

ஆயுத பூஜை அன்று அவர் ஊரையே செட்டுக்கு அழைத்தார். லாரிகளைக் கழுவிச் சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்தார்கள். பொரியும் கடலையும் வைத்த மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை. அதில் ஸ்பிரிட் விளக்கு, நீல மருந்து, கண்ணாடிக் குழாய். நாமக்கல் மருந்துக்கடையிலிருந்து ஒருவரைப் பிடித்து வந்திருந்தார். கற்பூரம் காட்டி முடிந்தவுடன் விளக்கு ஏற்றப்பட்டது. எதிர்ச்சாரிச் செட்டிலிருந்து கைலாசமும் வந்து, கோணல் கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றான்.

நீலம் கொதித்தது. பச்சை என்றார்கள். மஞ்சள் என்றார்கள். பிறகு குழாய்க்குள் செங்கல்லைக் கரைத்து ஊற்றினமாதிரி ஆனது. மருதாசலம் குழாயை ஆரத்தித் தட்டுப்போல் உயர்த்திப் பிடித்து, ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் கொண்டுபோனார். “பாத்துக்கங்க. தின்னதுல வந்தது. குடிச்சதுல வந்ததில்ல.” சிலர் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்கள்.

பிறகு பெல்டை எடுத்தார். சின்னண்ணன் கூட்டத்துக்குள் புகுந்து தப்பப் பார்த்தான். தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்து, “ஊது மாப்ளே” என்றார். சின்னண்ணன் ஊதினான். ஒரு வருஷமாகத் தேங்கியிருந்த அடியெல்லாம் அவன் மேல் இறங்கியது. பெல்ட் முகத்தில் விழுந்து உதடு பிளந்தது. பொரித்தட்டு கவிழ்ந்தது. கீழே விழுந்தவனை உதைக்கக் காலை வீசினார். சின்னண்ணன் உருண்டுவிட்டான். கால், கழற்றி வைத்திருந்த லாரி ஸ்பிரிங் பட்டையின் இரும்பு விளிம்பில் போய் மோதியது. கட்டைவிரல் நகத்தோடு பிளந்தது. ரத்தத்தைப் பார்த்து, திருஷ்டி கழிந்தது என்றார் மருதாசலம். பூசணிக்காய் உடைக்கவேண்டிய வேலை மிச்சம் என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

வரிசை மறுநாளே திரும்பி வந்தது. ‘ஊது’ என்ற சொல்லும் திரும்பி வந்தது. விரல்காயம் மட்டும் ஆறவில்லை.

தெய்வநாயகி மாத்திரை எழுதிக்கொடுத்தார், காயத்தைக் கழுவிக் கட்டு போட்டார், இதைச் சும்மா விட்டால் கால் போகும் என்றார். மருதாசலம் மாத்திரையைத் தொடவில்லை. தின்றால் சர்க்கரை இறங்கும், குழாய் மறுபடி நீலமாகும், அதை எவனாவது பார்த்துவிட்டால்? இவ்வளவு பாடுபட்டுச் சம்பாதித்த வியாதியைக் கரைத்துவிட அவருக்கு மனம் வரவில்லை. விரல் கறுத்தது. வலி அதிகமில்லாததால் ஆறிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நாற்றம் வந்தபோது சாம்பிராணி போடச் சொன்னார்.

தீபாவளி கழிந்த ஒரு காலை. முந்தின நாளெல்லாம் வாந்தி. படுத்திருங்கள் என்று சௌந்திரம் கெஞ்சியதைக் கேட்காமல், சுவரைப் பிடித்துப் பிடித்துச் செட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஓடிவந்த நாய்போல் மூச்சு வாங்கியது. அவள் நாமக்கல்லுக்குக் கார் பிடிக்கச் சாலைக்கு ஓடினாள். வரிசையில் முதல் ஆள் குனிந்தான். “ஊது” என்று சொல்ல மருதாசலம் வாயைத் திறந்தார். குனிந்தவன் சட்டென்று பின்வாங்கினான். ஊத வேண்டியவன் முகத்தில் முதலாளியின் மூச்சு வந்து அடித்திருந்தது. அழுகப்போகிற பழத்தைப் பானையில் போட்டு மூடிவைத்த வாடை.

மருதாசலம் கட்டிலிலிருந்து சரிந்து மண்ணில் விழுந்தார். ஒருவர்பின் ஒருவராகக் குனிந்து மோந்தார்கள். பிளந்து கூடிய உதட்டோடு சின்னண்ணன் வந்து மோந்து பார்த்தான். “ஊறல் வாடை எனக்குத் தெரியாதா? மச்சான் காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டாரு” என்றான். தெளிந்தால் எழுந்திருப்பார், நிழலில் இழுத்துப் போடுங்கள் என்றான். குடித்து விழுந்தவனுக்கு அந்தச் செட்டில் யாரும் வேறு மருந்து செய்ததில்லை. இந்தக் காட்சியைக் காணக் கொடுத்துவைத்த ஒருத்தன் எதிர்ச்சாரியில் இருக்கிறான் என்று அவனே போய்க் கைலாசத்தை அழைத்துவந்தான்.

கைலாசம் வந்தான். குந்தி உட்கார்ந்து, கீழே கிடந்தவரின் வாயருகே முகத்தைக் கொண்டுபோனான். அவனுக்கும் அது சாராய வாடையாகவே தெரிந்தது. எழுந்து, ஆணியிலிருந்து பெல்டை நல்ல கையால் எடுத்தான். யாரும் தடுக்கவில்லை. முதுகின் குறுக்கே ஒன்று வைத்தான், சட்டை கிழிந்தது. எத்தனையோ காலைகளின் பாக்கி அதில் இருந்தது. இரண்டாவது அதைவிடப் பலமாக விழுந்தது. தடிப்பு எழும்பி ரத்தம் கசிந்தது. மூன்றாவதுக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது.

“டேய், இது தண்ணி இல்லடா” என்றான்.

சின்னண்ணன் சிரித்தான்.

“குடிச்சவன் அடி விழுந்தா வைவான், இல்லாட்டி அழுவான். நான் ரெண்டும் பண்ணியிருக்கறேன். இவரு முதுகே நெளியல. உசுரு எங்கியோ போயிட்டிருக்குது. தூக்குங்கடா.”

கார் தேடிப்போன சௌந்திரம் சாலையில் கை நீட்டிக்கொண்டு நின்ற இடத்தில், மருதாசலத்தின் லாரியே வந்து நின்றது. கோணல் கையை ஸ்டியரிங்கில் முட்டுக்கொடுத்து, மறுகையால் கியர் போட்டுக் கைலாசம் ஓட்டினான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க அன்று யாருக்கும் நினைவில்லை.

தெய்வநாயகி கிட்டத்தில் வந்தவுடனே கண்டுபிடித்துவிட்டார். சர்க்கரை தலைக்குமேல் போய், காயமும் சீழ் பிடித்தால் மூச்சில் இப்படிப் பழவாடை அடிக்கும், இன்னும் ஒரு பொழுது நிழலில் கிடந்திருந்தால் கதை முடிந்திருக்கும் என்றார். ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, சேலத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டே முதுகைப் பார்த்தார்.

“இது யார் அடிச்சது?”

“நாந்தானுங்க” என்றான் கைலாசம்.

டாக்டர் அவனையும் தடிப்பையும் மாறிமாறிப் பார்த்தார். வைத்தியப் புத்தகம் எதிலும் இல்லாத அந்தச் சோதனையைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

சேலத்து ஆஸ்பத்திரியில் மருதாசலத்தின் வலது பாதத்தில் முன்பாதியை எடுத்தார்கள். திரும்பி வந்தபோது வயிறு இல்லை, தினமும் தொடையில் இன்சுலின் ஊசி இருந்தது, சௌந்திரம் அளந்து வைக்கிற ராகிக் களி இருந்தது. குழாய் நீலமாகிவிட்டது. ஊரில் பாதிப் பேர் அன்று அவர் மூச்சில் வந்தது சர்க்கரை வாடை என்று நம்பினார்கள். மீதிப் பேர், சாராய வாடைக்கு இப்போது டாக்டர்கள் நல்ல பெயர் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார்கள். சின்னண்ணன் யாரிடம் பேசுகிறானோ அதற்குத் தக்கபடி இரண்டையும் சொன்னான்.

உடம்பு தேறிய முதல் காலை, கட்டையை ஊன்றிச் செட்டுக்கு வந்த மருதாசலம் கைலாசத்துக்கு ஆள் அனுப்பினார். அவன் வந்து நின்றான்.

“அன்னிக்கு எம்பட வாயில வாடை வந்துதாடா?”

“வந்துதுங்க.”

“சாராய வாடையா?”

“அப்படித்தானுங்க இருந்துது.”

மருதாசலம் ஆணியைப் பார்த்தார். பெல்ட் அங்கேதான் தொங்கியது. அதில் காய்ந்திருந்த ரத்தம் அவருடையது. டிரைவர்கள் தூரத்தில் நின்று, வரிசையில் வருவதா வேண்டாமா என்று தெரியாமல் டீ குடிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். “குனி” என்றார் மருதாசலம்.

கைலாசம் பழக்கத்தில் குனிந்து, ஊதுவதற்கு மூச்சை இழுத்தான். அதற்குள் மருதாசலம் வாயைத் திறந்து அவன் முகத்தில் ஊதினார்.

கைலாசம் கண்ணை மூடி மோந்தான். “ஒண்ணுமில்லீங்க” என்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான்.

அதன் பிறகே மற்றவர்கள் வரிசைக்கு வந்தார்கள். கைலாசம் பழைய செட்டுக்கே திரும்பிவிட்டான். தினமும் காலையில் முதல் மூச்சு முதலாளியுடையது, அதைப் பார்த்துச் சொல்வது கைலாசம். பழவாடை லேசாக இருந்தாலும் சௌந்திரத்துக்கு ஆள் போகும். சின்னண்ணன் அந்த நேரத்தில் செட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான். கைலாசத்தின் வாயில் அந்த நேரத்தில் என்ன வாடை என்பதை மட்டும் மருதாசலம் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் அவர் மூக்குக்குத் தெரியும். கைலாசம் வாடையோடு வந்து, சாவியை எடுத்துக்கொண்டு போகாமல், கிளீனரிடம் கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிற காலைகளில், அவர் பெல்டைப் பார்ப்பார். எழுந்து எடுக்கக் கால் போதாது. எடுத்துத் தரச் சொல்லலாம் என்றால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஒரே ஆள் கைலாசம்தான்.